மூன்று மணிக்கு முன்

யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் இறங்கியபோது பகல் ஒன்று பத்து. கொழும்பு ரயில் நாற்பது நிமிடம் தாமதம். மதுரையிலிருந்து ஊர் பார்க்க வந்த எனக்கு அது பெரிதில்லை. பக்கத்து இருக்கையில் வந்த குகனுக்குப் பெரிது. கனடாவில் இருப்பவர்; அப்பா இறந்து நான்காம் நாள். மூத்த மகனுக்காக உடலைப் பதப்படுத்தி உடுப்பிட்டி வீட்டில் வைத்திருந்தார்கள். அவர் வந்ததும் கிரியை தொடங்கும். மூன்று மணிக்கு மேல் காத்திருக்க முடியாது என்று சித்தப்பா தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

நான் போக வேண்டிய பருத்தித்துறையும் அதே பக்கம்தான். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசி ஒரே ஓட்டோவில் ஏறினோம். உடுப்பிட்டிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்.

கோப்பாய் தாண்டி நீர்வேலியில் வாழைத் தோட்டங்கள் தொடங்கின. குகனின் கைக்கடிகாரம் இன்னும் கனடா நேரத்தில் விடியற்காலை நான்கைக் காட்டியது. அதனால் என்னிடம் மணி கேட்டார். புத்தூரில் மறுபடி கேட்டார். இடையில் கழிந்தது ஆறு நிமிடம். அரை மணியாவது போயிருக்கும் என்றார்.

"கெதியா, கெதியா" என்று வேகமாக ஓட்டச் சொன்னார்.

"இதுக்கு மேல ஓடினா எங்கள் மூண்டு பேருக்கும் சேத்துப் பந்தல் போடவேண்டி வரும், தம்பி," என்றார் ஓட்டுநர். கொழும்பிலிருந்து புறப்பட்ட பிறகு அப்போதுதான் குகன் முதல்முறையாகச் சிரித்தார்.

வல்லை வெளியில் இருபுறமும் உவர்நிலம். பின்னால் போகும் மரமோ வீடோ இல்லாததால் ஓட்டோ நின்றுவிட்டது போலிருந்தது. வேகமுள் ஐம்பதில் இருந்தது. அங்கே எனக்கும் நேரம் நீண்டது.

இரண்டே காலுக்கு, வெள்ளைக் கொடிகள் கட்டிய குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பினோம். எங்களைக் கண்டதும் பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள்; பறை முழங்கியது. உள்ளிருந்து தங்கை மதி வந்தாள்.

"பிந்தேல்லை, மூண்டுக்கு முன்னம் வந்திட்டன்," என்றார் குகன்.

அவள் அவருடைய சட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "ஏன் அண்ணை இவ்வளவு கெதியா வந்தனீங்கள்? மூண்டு மணி வரைக்கும் அப்பா இருந்திருப்பாரெல்லோ."

சித்தப்பா போய் ஐயரிடம் மெல்லப் பேசினார். பறை நின்றது. எழுந்தவர்கள் மீண்டும் உட்கார்ந்தார்கள்.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போனால், எப்போது எடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்போம்; இங்கே நான் அதைக் கேட்கவில்லை. குகன் தங்கைக்குப் பக்கத்தில், அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவருடைய பைகளை இறக்கி வைத்துவிட்டு நான் புறப்படும்வரை அவர் யாரிடமும் மணி கேட்கவில்லை.