அர்த்தநாரி காட்டிய கடல்

"கடலக் கண்ணால பாக்காதவங்க எல்லாம் எனக்குக் கடலப் பத்திச் சொல்ல வராதீங்க அக்கா" என்று அர்த்தநாரி என்மேல் எரிந்து விழுந்தான்.

நான் கேட்டது இவ்வளவுதான். "ஏன்டா, கடலு இருக்கற எடத்துலயேதான இருக்குது. அதக் காட்டறதுக்கு ஒரு கைடு எதுக்கு?"

அர்த்தநாரி எனக்கு எதிர்வீட்டுக்காரன். சேலத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறி ஓடுகிற தெரு. அவன் அப்பன் தறியில் உட்கார்ந்தால் சாப்பிடக்கூட எழமாட்டார். இவனுக்கு உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், நின்றால் கால் வலிக்கும், வாய்மட்டும் வலித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. அப்பன் விட்டுப்போன நாலு பவர்லூமையும் விற்றுவிட்டுக் கொலுசுப் பட்டறை வைத்தான். அது போயிற்று. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிவந்து விற்றான். கடைக்காரர்களிடம் நின்று கோழியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பான், முட்டை வெயிலில் கிடக்கும். அதுவும் போயிற்று. வீட்டில் அடுப்பு எரிந்தது அவன் பெண்டாட்டி ஊராருக்குத் தார் சுற்றிக் கொடுத்த கூலியில். ராட்டையில் உட்கார்ந்து நூலைக் குழலில் ஏற்றி ஏற்றி அவளுக்குத் தோள்பட்டை போய்விட்டது. இவன் அதையும் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிச் சுற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

கடைசியில் அவனுக்கு ஏற்ற தொழில் ஒன்று கிடைத்தது. பேசுகிற தொழில். ஒரு பஸ்சை வாடகைக்குப் பிடித்து, தெருக்காரர்களை ஏற்றிக்கொண்டு பழனி, திருவண்ணாமலை, மேல்மலையனூர் என்று கூட்டிப்போவான். முன்னால் நின்று மைக்கைப் பிடித்தால் பஸ் திரும்பிச் சேலம் வருகிறவரை கீழே வைக்கமாட்டான். சாமி பெயர் மாறும், ராஜா பெயர் மாறும், போனமுறை ஆயிரம் வருசம் என்ற கோயில் இந்தமுறை மூவாயிரம் வருசம் ஆகிவிடும். ஜனங்களும் கேட்டுக்கொண்டு தூங்குவார்கள்.

எங்கள் தெருவில் தறி நிற்பது அமாவாசை அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு கிடையாது. அதனால் அவன் டூரெல்லாம் அமாவாசைக்குத்தான் கிளம்பும். கோயிலுக்குப் போகிறவரை அதில் ஒரு குறையும் இல்லை. அவனுக்குத் திடீரென்று கடல் ஆசை வந்துவிட்டது. மெட்ராசில் ஒரு பெரிய டூர்க்காரன் ஒரே நாளில் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறானாம். அந்த விளம்பரத்தைச் செல்லில் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துகூட மாற்றாமல் தன் பெயரில் போட்டுக்கொண்டான். ஊர்ப்பெயரை மட்டும் கடலூர் என்று மாற்றினான்.

அந்த டூருக்கு என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் வேறு.

அவன் மகள் வித்யாவுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. நல்ல பெண். ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். இரண்டு வரன் வந்து கலைந்தது, இரண்டுமே அப்பன் வாயால். முதலில் வந்தவர்களிடம் பஸ் தன் சொந்த பஸ் என்றான். அவர்கள் விசாரித்துவிட்டார்கள். அடுத்து வந்தவர்களிடம், பெண்ணுக்கு வங்கியில் வேலை உறுதியாகிவிட்டது என்றான். வித்யாவே, "இல்லீங்க, அப்பா சும்மா சொல்றாருங்க" என்று சொல்லிவிட்டாள். இப்போது ராசிபுரத்து வரன். பையன் பெயர் மதன். வித்யா அவனோடு இரண்டு தடவை போனில் பேசியிருக்கிறாள். "எனக்குப் புடிச்சிருக்குது பாட்டி, அப்பா கெடுக்காம இருந்தாப் போதும்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

எங்களில் பெண் பார்க்க நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். முதலில் ஒரு கோயிலில் எதேச்சையாகப் பார்த்தது போலப் பார்த்துக்கொள்வது. பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. மதனுடைய அம்மா சாரதாமணி அப்படித்தான் கேட்டிருந்தாள். இந்தப் புத்திசாலி, "கோயில்ல என்னங்க, கடல்லயே பாத்துக்கலாங்க" என்று அவளை டூரில் ஏற்றிவிட்டான்.

"நீங்க அந்தம்மா பக்கத்துல உக்காந்து நம்ம குடும்பத்தப் பத்தி நாலு வார்த்த நல்லதாச் சொல்லோணும் அக்கா."

"நாலுக்கு நான் எங்க போறது? பொண்ணப் பத்தி ரெண்டு சொல்றேன். உன்னப் பத்திக் கேக்காம இருக்கச் சொல்லு."

விடியுமுன் கிளம்பினோம். மதன் வரவில்லை, தோள்வலி என்று அர்த்தநாரி பெண்டாட்டியும் வரவில்லை. சாரதாமணி என் பக்கத்து ஜன்னலில். என்னைப்போலப் புருசனை இழந்தவள்தான், வயதில் சின்னவள். தலைக்குக் குளித்து, ஈரம் காயாத முடியை முடிந்துகொண்டு வந்திருந்தாள். வழியில் எல்லாரும் இட்லி தின்றபோது வேண்டாம் என்றுவிட்டாள். அமாவாசைக்கு, செத்துப்போன புருசனுக்குப் படைத்துக் காக்காய்க்கு வைக்காமல் பல்லில் தண்ணீர் படாதாம். "மத்தியானம் முதச் சோத்த அங்கயே காக்காய்க்கு வெச்சுட்டுச் சாப்பிட்டுக்கறனுங்க" என்றாள்.

வித்யா எழுந்து எழுந்து வந்து, ஆடுகிற பஸ்சில் மற்ற எல்லாருக்கும் டீ ஊற்றினாள். சாரதாமணி முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முன்னால் அவன் நிறுத்தவில்லை. நெய்வேலியில் புகைபோக்கி தெரிந்ததும், "அந்தப் பொகைதானுங்க மேல போயி மேகமாகறது. அதனாலதான் இந்தப் பக்கம் மழை ஜாஸ்தி" என்றான்.

சாரதாமணி என்னிடம், "நெசங்களா?" என்றாள்.

"அவன் சொன்னானா இல்லையான்னு கேட்டீங்கன்னா, சொன்னது நெசம்" என்றேன்.

"மத்தியானச் சாப்பாடு ஒரு சஸ்பென்சு. கடசி வரைக்கும் சொல்ல மாட்டேன்" என்று மைக்கில் வேறு அறிவித்தான்.

கடலூர்க் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. ஊரெல்லாம் எள்ளும் தர்ப்பையுமாக உட்கார்ந்து திதி கொடுத்துக்கொண்டிருந்தது. அமாவாசை என்பதால் அலையும் ஆளுயரம் வந்தது. அர்த்தநாரி கையில் கொடியைப் பிடித்துக்கொண்டு, "ஓரம், ஓரம், டூர் வருது" என்று அவர்களுக்கு நடுவில் புகுந்தான். ஒரு ஐயர் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். கண்ணெதிரில் இத்தனை பேர் திதி கொடுப்பதைப் பார்த்தும் இந்த ஆளுக்கு மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. அவனுக்கு அமாவாசை என்றால் தறி லீவு. தறியும் இல்லாத ஆளுக்கு வெறும் லீவு.

தூரத்தில் ஒரு கப்பல் கருப்பாக நின்றது. "அதா தெரியுது பாருங்க, அதானுங்க இலங்கை."

அந்த இலங்கை மெல்ல நகர்ந்தது.

"காத்து ஜாஸ்திங்க இன்னிக்கு" என்றான்.

சாரதாமணி அவனைக் கவனிக்கவில்லை. முந்தானையில் முடிந்து வந்த எள்ளை ஈரமணலில் நின்று தண்ணீரில் விட்டாள். வித்யா அலை இழுக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் முழங்கால்வரை நனைந்தார்கள். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அப்புறம் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கீற்றுக்கொட்டகை. நாற்பது பேருக்கு வரிசையாக இலை போட்டுவைத்திருந்தது. ஒவ்வொரு இலையிலும் உள்ளங்கை அகலத்துக்கு வறுத்த மீன். நடுவில் வாளியில் மீன்குழம்பு கொதிக்கக் கொதிக்க.

மெட்ராஸ்காரன் விளம்பரத்தில் கடற்கரை மீன் சாப்பாடு என்று போட்டிருந்தானாம். இவனும் போனில் அதையே சொல்லிவைத்துவிட்டான்.

ஒருத்தரும் உட்காரவில்லை. எல்லாரும் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவர்கள். பஸ் டிரைவர் மட்டும், "எனக்கு அதெல்லாம் கெடையாதுங்க" என்று ஓர் இலையில் உட்கார்ந்தான்.

கடைக்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அமாவாசைக்கு இத்தினி பேருக்கு மீன் கேட்டப்பவே நெனச்சேன். சேலத்துல வழக்கம் வேற போலன்னு வுட்டுட்டேன்" என்றாள்.

அர்த்தநாரியின் முகம் வெளுத்தது. அதோடு வாயை மூடியிருந்தால் மனுசன். நேராகச் சாரதாமணியிடம் வந்தான்.

"மீன எடுத்து ஓரமா வெச்சுட்டுச் சோத்த மட்டும் சாப்பிடுங்க அம்மணி."

"நான் காக்காய்க்கு வெக்கோணுங்க" என்றாள் அவள்.

"அதுக்கென்னங்க. காக்காய்க்கு மீனுன்னா உசுருங்களே."

அதைச் சொல்லிவிட்டு நின்றான். செத்த புருசனுக்குப் படைக்கிற சோற்றுக்கு மீன் தொட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, நல்ல யோசனை சொன்னவன் மாதிரி நின்றான். இந்த வரனும் போயிற்று என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அப்போது வித்யா சிரித்துவிட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அது விரலிடுக்கில் வழிந்தது. அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குனிந்து குனிந்து சிரித்தாள்.

"ஏய், என்ன சிரிப்பு, பெரியவங்க முன்னால" என்று அப்பன் கத்தினான்.

"இல்லப்பா… காக்கா…" என்று சொல்லவந்து மறுபடியும் உடைந்துவிட்டாள்.

சாரதாமணி வெளியே போய்விட்டாள். வித்யாவின் சிரிப்பு பட்டென்று நின்றது. என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் இப்போது சிரிப்பு இருந்த அடையாளமே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாழைப்பழமும் இளநீரும் வாங்கிவரப் போனாள். அவள் அப்பனைக் காணவில்லை. தப்புச் செய்துவிட்டு மறைவது அவனுக்குக் கைவந்த கலை.

நான் வெளியே போனேன். சாரதாமணி ஒரு படகு நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க அக்கா, அந்தப் புள்ள எதுக்கு அப்பிடிச் சிரிச்சுது? என்னயப் பாத்தா?"

"உங்களயப் பாத்து இல்லீங்க அம்மணி. பொறந்ததுல இருந்து அந்த ஆளோட ஒரே ஊட்டுல இருக்கறா. சிரிக்கப் பழகலீன்னா இந்நேரத்துக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்."

"அந்தாளு அப்பிடியேதானா எப்பவும்?"

நல்ல வார்த்தை சொல்லத்தான் கூட்டிவந்தான். எனக்குப் பொய் வரவில்லை. "வாயத் தொறந்தா பொய்யிங்க. ஆனா பொய்யி மட்டுந்தான். குடி கெடையாது, ஊரான் பொருளத் தொடமாட்டான். பொண்டாட்டி கூலியில ஒக்காந்து தின்னவன், அது தெரிஞ்சுதான் நீங்க யோசிக்கோணும். பொண்ணு அம்மா மாதிரி. அவ வாயில நான் பொய்யி கேட்டதில்ல."

அவள் காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"எங்கூட்டுக்காரரும் இப்பிடித்தானுங்க. ஒண்ணுன்னா ஒம்பதும்பாரு. நான் ஒவ்வொண்ணுக்கும் மல்லுக்கு நிப்பேன். அவரு சொல்றதப் பொய்யின்னு நிரூபிச்சு நிரூபிச்சே என் காலம் போச்சு. சிரிச்சிருக்கலாமுன்னு ஒருநாளும் தோணலைங்க." மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். "மதனுக்கும் அப்பன் வாய்தான், கொஞ்சம் கம்மி. இந்தப் புள்ள வந்தா ஊட்டுல சண்ட இருக்காது."

அப்போது வித்யா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். கூடவே ஒரு சின்ன இலையில் வெறும் சோறு. கடைக்காரம்மா தன் வீட்டு அமாவாசைக்கு வடித்து வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். "இது மீன் சட்டி பக்கமே போகாததுங்க. நானே பாத்து வாங்குனேன். நான் சிரிச்சதுக்குத் தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை."

சாரதாமணி சோற்றைப் படகின் விளிம்பில் வைத்தாள். கடற்கரைக் காக்காய்க்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்தது. வெகுநேரம் கழித்து ஒன்று வந்து, வேண்டாவெறுப்பாக இரண்டு பருக்கை தின்றது. அவள் எழுந்து வித்யாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"தையில வெச்சுக்கலாஞ் சாமி. ஒண்ணே ஒண்ணு, கல்யாணத்துல உங்கப்பா கைக்கு மைக்குப் போகக்கூடாது. பந்தியில என்ன போடறதுன்னும் நாந்தான் சொல்லுவேன்."

வித்யா தலையாட்டினாள்.

இப்போது அர்த்தநாரி வந்தான். மணலில் வேட்டி இழுபட ஓடிவந்தான். வரன் முடிந்துவிட்டது என்று நான் சொன்னேன். ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு, எதுவும் இல்லை. "எனக்குத் தெரியுமுங்க அக்கா, என் கணக்கு என்னிக்கும் தப்பாது" என்றான். மடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தான். கை அகலத்துக்குப் பெரிய சோழி. அதன்மேல் மதன், வித்யா என்று பூப்போட்டுச் செதுக்கியிருந்தது.

"இத எப்பங்க எழுதச் சொன்னீங்க?" என்றாள் சாரதாமணி.

"காத்தாலயேங்க. எறங்குன ஒடனே."

அந்தம்மா பெண்ணைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதக் கொடுத்துவிட்டிருக்கிறான். சாரதாமணி சோழியைத் திருப்பினாள். பின்பக்கமும் எழுத்து இருந்தது. படித்துவிட்டு வித்யாவிடம் நீட்டினாள். வித்யா சத்தமாகப் படித்தாள். "அர்த்தநாரி டூர்ஸ், சேலம்." கீழே அவன் செல் நம்பர்.

"விளம்பரத்துக்கு விளம்பரமும் ஆச்சுங்களே" என்றான்.

வித்யா சிரிக்க ஆரம்பித்தாள். இந்தமுறை சாரதாமணியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மத்தியானச் சோறில்லாமல் எல்லாரும் வாழைப்பழத்தோடு கிடக்க, இவன் சோழிக் கடையில் நின்றிருக்கிறான்.

"எவ்வளவுடா குடுத்த இதுக்கு?" என்றேன்.

முந்நூற்று ஐம்பது ரூபாய், எழுத்துக்கூலி தனி.