ஸ்கேல் அக்கா குறை கண்ட முகங்கள்

ஒரு பெண்ணை அழகு என்று ஓர் ஆண் சொல்லும்வரை, அவள் முகத்தில் உள்ள குறை இன்னொரு பெண்ணின் கண்ணில் ஏன் படுவதே இல்லை? ஸ்கேல் அக்கா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும்.

கண்ணாடி வாங்கிய ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறாள். கல்லாவில் இருக்கும் முதலாளி, "லட்சணமான முகம்" என்கிறார். அக்கா தலையைத் தூக்குவதில்லை. கையில் இருக்கும் ஃப்ரேமின் திருகை முடுக்கியபடியே, "இடது காது கீழ இருக்கு. ரெண்டு மில்லிமீட்டர்" என்கிறார். ஐந்து நிமிடத்துக்கு முன் அதே முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அதே காதுக்காகக் கண்ணாடியின் காலைச் சூடு காட்டி வளைத்துக் கொடுத்தவர் அவர்தான். அப்போது அது குறையாக இல்லை. வேலையாக இருந்தது.

இருபத்தோரு வருடமாக அந்தக் கடையில் முகம் அளப்பது அவர் வேலை. மாடியில் இருக்கும் டாக்டர் பவர் எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்புவார். அதை ஒரு முகத்தோடு சேர்த்து வைக்க வேண்டியது அக்கா. சட்டைப் பையில் பேனா மாதிரி ஆறு அங்குல ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின்காரர்தான் அந்தப் பெயரை வைத்தார். வைத்தவர் உட்பட எல்லோரும் அக்காவின் சொந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். ஸ்கேல் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் ஒரு முகத்தை அவர் கண்டதில்லை. "கோணல் இல்லாத மூஞ்சி பொம்மைக் கடையிலதான் இருக்கு" என்பார்.

யாரும் திரும்பிப் பார்க்காத முகங்களிடம் அக்கா காட்டும் தாராளம் வேறு மாதிரி. கன்னம் முழுக்கப் பருவோடு, தலையைக் குனிந்துகொண்டே வந்த ஒரு மாணவிக்கு நாற்பது நிமிடம் செலவழித்து ஃப்ரேம் தேடினார். "புருவத்தைப் பாரு. இப்படி ஒண்ணு அமைய ஊர்ல பாதிப் பேர் காசு குடுத்து வரைஞ்சுக்கறாங்க" என்றார். அந்தப் பெண் நிமிர்ந்துதான் வெளியே போனாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணை அழகு என்றால் அக்கா மறுப்பதில்லை, "ஆமா, நல்லா இருக்கா" என்று அதோடு விட்டுவிடுவார். சொன்னது ஆணாக இருந்தால்தான் ஸ்கேல் வெளியே வரும்.

வீட்டிலும் இதே கதைதான். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண்ணைக் கணவர் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்தால், "உதட்டுக்கும் மூக்குக்கும் நடுவுல இடம் பத்தல" என்று ஓர் அறிவிப்பு வரும்.

"அவங்க படிக்கற செய்தியைக் கேளேன்" என்பார் கணவர்.

"நீங்க கேட்டதைச் சொல்லுங்க, என்ன படிச்சாங்க?"

கணவர் சேனலை மாற்றிவிடுவார்.

முதலாளிக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. "பொறாமைம்மா, வேற என்ன" என்று ஒரு நாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அக்கா கோபப்படவில்லை. "மேஸ்திரி இன்னொருத்தர் கட்டின வீட்டுக்குப் போனா சுவரைத் தட்டிப் பாக்கறதில்லையா? அவருக்கு வீட்டு மேல பொறாமையா?" என்றார். நல்ல பதில்தான், ஆனால் முழுப் பதில் இல்லை. மேஸ்திரி எல்லாச் சுவரையும் தட்டுவார். ஓர் ஆண் விரல் நீட்டிய சுவரை மட்டும்தான் அக்கா தட்டுகிறார்.

அழகு பார்க்கிறவரிடம் இருக்கிறதா, பார்க்கப்படுகிறவரிடம் இருக்கிறதா என்று படித்தவர்கள் காலங்காலமாக வாதாடி வருகிறார்கள். பார்க்கிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளை அந்த வாதத்தில் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அக்காவின் கணவருக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்களை வாங்கிப் பதியும் வேலை. பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு மாலை, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எதிர் சீட்டுக்குப் புதுசா ஒருத்தங்க மாத்தலாகி வந்திருக்காங்க. நல்ல களையான முகம்."

"வயசு?"

"முப்பத்தெட்டு இருக்கும்."

"நிறம்?"

"கவனிக்கல."

"நெத்தி எப்படி?"

"நெத்தி எல்லாருக்கும் இருக்கற மாதிரிதான் இருக்கு. சோத்தைப் போடு."

அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அக்காவின் வீட்டில் 'புதுசு' என்று பெயர். பதினோரு மாதம் கழித்தும் பழசாகவில்லை. "உங்க புதுசு இன்னைக்கு என்ன செஞ்சுச்சு?" என்று அக்கா கேட்பார். கணவரும் சொல்வார். மேசையைத் தட்டிக் கத்திய ஒருவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தே அடக்கிவிட்டாள், குழாயில் தண்ணீர் வராத தெருக்களுக்கு ஒரு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டாள் என்று இப்படி ஏதாவது. அக்கா அந்தப் பேச்சிலிருந்து ஒரு முகத்தைக் கட்டிக்கொண்டார். மூக்கை வைத்தார், அது நீளம் என்றார். தாடையை வைத்தார், அது அகலம் என்றார். ஒரு தடவைகூடப் பார்க்காத முகத்தில் அத்தனை குறையும் கண்டுபிடித்தாகிவிட்டது.

இரண்டு மாதமாகக் கணவர் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டார். கேட்டால், "யாரு? ஓ, அவங்களா. இருக்காங்க" என்பதோடு சரி. அக்கா உண்மையில் பயப்பட ஆரம்பித்தது அப்போதுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகத் தான் இருந்த இடத்தில் தான் இன்னும் இருக்கிறோமா என்ற கேள்வியை யாரிடமும் கேட்க முடியாது. தங்கையிடம் மட்டும் சுற்றி வளைத்துச் சொன்னார்: "வாய்ல இருக்கற வரைக்கும் அது ஆபீஸ் விஷயம். பேச்சு நின்னு போச்சுன்னா உள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தம்."

தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். அக்காவின் வீட்டுக்கு வந்தால் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டுதான் பேசுவாள். "அக்கா, நீ அந்தப் பொம்பளையைப் பாக்கல. மாமா கண்ணைத்தான் பாத்துட்டு இருக்கே."

"ரெண்டும் ஒண்ணுதான்டி."

"ஒண்ணு இல்ல. அவ ரொம்ப சுமாருன்னு நீ நிரூபிச்சிட்டேன்னே வையி. அப்ப மாமாவுக்குப் பாக்கத் தெரியலன்னு ஆகும். அந்தக் கண்ணுதானே உன்னையும் பாத்துப் பிடிச்சிருக்குன்னு சொல்லிச்சு?"

அக்கா இரண்டு துண்டுகளை மடித்து அடுக்கினார். மூன்றாவதை எடுத்து உதறினார். பிறகு சொன்னார்: "அப்ப அவருக்குப் பார்வை நல்லா இருந்துச்சு."

இதெல்லாம் நடந்து பத்து நாள் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு பெண் கைக்குட்டையில் எதையோ சுற்றிப் பிடித்துக்கொண்டு வாசல் படியைக் காலால் துழாவி ஏறினாள். கைக்குட்டையைப் பிரித்தாள். இரண்டாக உடைந்த கண்ணாடி.

"பஸ்ல கழண்டு விழுந்துடுச்சு. யாரோ மிதிச்சிட்டாங்க. நான் உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்தாங்க்கா. எதிர் சீட்டு. அவர்தான் உங்ககிட்டப் போகச் சொன்னார்."

அக்கா நாற்காலியைக் காட்டினார்.

விழிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்க ஒரு முறை உண்டு. இருவரும் முழங்கால் இடிக்காத குறையாக எதிரெதிரே உட்கார வேண்டும். அளப்பவர் வலது கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் தன் இடது கண்ணைப் பார்க்கச் சொல்வார். ஸ்கேலின் பூஜ்யத்தை எதிராளியின் ஒரு விழியில் நிறுத்துவார். பிறகு கண்ணை மாற்றிக்கொண்டு, மற்ற விழியில் எண்ணைப் படிப்பார். அவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போது ஒரு முகத்தில் எதுவும் ஒளிந்திருக்க முடியாது.

அக்கா பார்த்தார். மூக்கின் இரண்டு பக்கமும் பழைய கண்ணாடி பதிந்து கறுத்த பள்ளம். மூக்குத்தண்டு நடுவில் லேசாக விலகியிருந்தது. வலது புருவத்தில் ஒரு தழும்பு. கண்ணாடி இல்லாததால் கண்களைச் சுருக்கிச் சுருக்கி, இமையோரம் சிவந்திருந்தது. பதினோரு மாதமாக மனதில் வைத்துத் திருத்திய முகம் இது இல்லை. அந்த முகம் இதைவிட எவ்வளவோ அழகு. அப்படியானால் கணவர் இதில் எதைப் பார்த்தார் என்று தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் சிரித்தாள்.

"இவ்வளவு கிட்டத்துல என் மூஞ்சியை யாரும் பாத்து ரொம்ப நாளாச்சுக்கா."

அக்கா எண்ணைப் படித்து எழுதினார். ஐம்பத்தெட்டு. எழுதிய பிறகுதான் தெரிந்தது, கண்ணை மாற்ற மறந்திருக்கிறார். இரண்டு விழியையும் ஒரே கண்ணால் அளந்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. பழைய லென்ஸின்படி அந்தப் பெண்ணின் பவரோ மைனஸ் எட்டு. எட்டுக்கு நாலு மில்லிமீட்டர் தப்பினால் இரண்டு நாளில் தலைவலி ஆரம்பிக்கும். அடித்துவிட்டு மறுபடி அளந்தார். அறுபத்திரண்டு.

"இப்ப எல்லாரும் பெருசா போடறாங்களே, அந்த மாதிரி ஃப்ரேம் குடுங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

அக்கா பெரிய ஃப்ரேம் ஒன்றை எடுத்து முகத்தில் வைத்தார். சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியின் பக்கம் அந்தப் பெண் திரும்பவே இல்லை. "பவர் இல்லாம எனக்கு அதுல வெறும் புகைதான் தெரியும். நீங்களே பாத்துச் சொல்லுங்க. யார் மூஞ்சியானாலும் நீங்க பொய் சொல்ல மாட்டீங்களாம்."

"யார் சொன்னது?"

"அவர்தான்."

"வேற என்ன சொன்னார்?"

"ஆளைப் பாத்ததும் குறையைச் சொல்லிடுவீங்கன்னார். பயந்துக்கிட்டேதான் வந்தேன்."

அக்கா அந்த ஃப்ரேமைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கேட்டதை எடுத்துக் கொடுப்பது குற்றம் இல்லை. கொடுத்தால் எட்டுப் பவருக்கு ஓரம் விரல் தடிமன் வரும், கன்னம் உள்ளே ஒடுங்கினது போலத் தெரியும். எப்போதும் எதிர் சீட்டில் இருப்பவர் உட்பட யாருக்கும் காரணம் புரியப்போவதில்லை, ஏதோ மாறிவிட்டது என்று மட்டும் தோன்றும். பின்னறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த மெஷின்காரர் எட்டிப் பார்த்து, "பெருசு எடுப்பா இருக்கேக்கா, அதையே போட்டுடலாமே" என்றார்.

"எடுப்பாவா? ஓரம் தடிச்சு முகத்தையே முழுங்கிடும்" என்றார் அக்கா.

பெரிய ஃப்ரேம் அலமாரிக்குப் போயிற்று. அக்கா இழுப்பறைகளைத் திறந்தார். ஒன்றை வைத்துப் பார்ப்பார், கழற்றுவார், அடுத்ததை எடுப்பார். பதினாறு ஃப்ரேம் ஆயிற்று. பதினேழாவது, பழுப்பு நிறத்தில் மெல்லியதாக ஒரு சின்ன ஃப்ரேம். அது உட்கார்ந்ததும் மூக்கின் விலகல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தழும்பு புருவத்தோடு புருவமாகிவிட்டது. மெஷின்காரர் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்குக்கா?"

"மூக்குல சரியா உக்காருது."

அன்று மாலை வீட்டில் கணவர், "வந்தாங்களா?" என்று கேட்டார்.

"வந்தாங்க."

கழற்றிய ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். காது, மூக்கு, நெற்றி என்று எதுவும் வரவில்லை. "என்ன, ஒண்ணும் சொல்லக் காணோம்?"

"பவர் எட்டு" என்றார் அக்கா.

சனிக்கிழமை செய்ததற்கு அக்கா இன்றுவரை ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. தங்கை இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டாள். லென்ஸ் போட்டுக் கண்ணாடி வெள்ளிக்கிழமையே தயாராகிவிட்டது. அதை வாங்கிக்கொள்ள அந்தப் பெண்ணைச் சனிக்கிழமை ஆறு மணிக்கு வரச் சொன்னவர் அக்காதான். சனிக்கிழமைதோறும் ஆறு மணிக்குக் கணவர் வண்டியில் வந்து தன்னை அழைத்துக்கொண்டு போவார் என்பது, இத்தனை வருடத்தில், அவருக்குத் தெரியாததல்ல.

அந்தப் பெண் முதலில் வந்தாள். அக்கா கண்ணாடியை மாட்டினார். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார், கழற்றிச் சூடு காட்டினார், வளைத்தார், மறுபடி மாட்டினார். வெளியே வண்டி நின்ற சத்தம் கேட்டது. கணவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து, நாற்காலியில் இருப்பவரைப் பார்த்ததும் வாசல் பக்கமே நின்றுகொண்டார்.

"சரியாத் தெரியுதா?" என்று அக்கா அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"ரொம்பத் தெளிவா இருக்குக்கா. எங்க, முகத்தைப் பாக்கறேன்" என்று அவள் ஆளுயரக் கண்ணாடி இருக்கும் பக்கம் திரும்பப் போனாள்.

"இருங்க. மொதல்ல ஒரு ஆள் பாக்கட்டும்." அக்கா சுழல் நாற்காலியின் முதுகைப் பிடித்து அதை வாசல் பக்கம் திருப்பினார். கணவரிடம், "நீங்க பாத்துச் சொல்லுங்க, எப்படி இருக்காங்கன்னு" என்றார்.

சொல்லும்போது அவர் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு நேராகப் பின்னறைக்குப் போனார். மெஷின்காரர் வேலையை முடித்து, சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். "அவசர வேலை ஏதாவது வந்துச்சாக்கா?" என்று கேட்டார்.

அக்கா லென்ஸ் தேய்க்கும் மெஷினின் சுவிட்சைப் போட்டார். கல் சுழல ஆரம்பித்தது. அந்த இரைச்சலில், முன்னறையில் யார் என்ன பேசினாலும் கேட்காது. தேய்ப்பதற்கு அவர் கையில் லென்ஸ் எதுவும் இல்லை.