விலைக்கு முன்னம் நாடு கேட்பவர்கள்

இரும்புச் சாமான் கடையில் நிற்பவருக்குக் கணக்குக் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, பூகோளம் பிசகக் கூடாது. ஏனென்றால் வருகிறவர் விலை கேட்பதற்கு முன்னம் நாடு கேட்பார்.

கடை மேசைக்குப் பின்னால் நின்று குதிக்கால் வலித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விபரம். எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். நிந்தவூரில் வாப்பா எனக்குத் தந்த வீட்டின் முன்னறையில்தான் அவருடைய இரும்புக் கடை இருந்தது. அவருக்கு முழங்கால் சரியில்லாமல் போனதும் வீட்டோடு கடையும் என் கைக்கு வந்தது. என் கணவருக்குக் கல்முனையில் போன் திருத்துகிற கடையில் வேலை. மச்சான் என்றுதான் நான் கூப்பிடுவேன். அவருக்கு எங்கள் முன்னறையைக் கண்டாலே கை அரிக்கும்.

"இந்த மாரி விதைப்புக்கும் மண்வெட்டி போகல்லெண்டா இரும்பை விட்டிரு புள்ள. போன் கவர் தொங்கவிடுவம்" என்றார். நானும் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் யோசித்தேன். புது உளியின் எண்ணெய் மணம் எனக்கு அத்தர் மாதிரி. அதை விட்டுவிட்டு நான் பிளாஸ்டிக் கவருக்கு நடுவில் நிற்பதா? அந்த மாரிக்கு முன்னால் நடந்தவைதான் இவை.

சட்டைப் பையில் சைனா

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு ஓடாவி இருக்கிறார். கதவு, நிலை, கட்டில் எல்லாம் செய்வார். என் கடை மண்வெட்டிகளுக்குப் பிடி செய்து தருகிறவரும் அவர்தான். அண்ணன் முறைக்குக் காக்கா என்பேன். ஒருநாள் சுத்தியல் வாங்க வந்தார். நான் எடுத்து வைத்த சுத்தியலைக் கையில் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "நல்ல பாரம். எந்த நாடு புள்ள?" என்றார். சைனா என்றேன். அடுப்பில் கிடந்த சட்டியைத் தொட்டவர் போல மேசையில் வைத்துவிட்டார். "சைனாவை எனக்குக் காட்டாத. நான் தொழில் செய்யிற ஆள்."

அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப் பைக்குள் போன் அடித்தது. பெரிய போன், பளபளவென்று. அவர் கதைத்து முடியும் வரைக்கும் காத்திருந்து, "காக்கா, அந்தப் போன் எந்த நாடு?" என்று கேட்டேன். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். போனை மெதுவாகப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னார்:

"போனால நான் ஆணி அடிக்கிறல்ல புள்ள."

ஜெர்மன் மாதிரி

கொழும்பிலிருந்து லொறியில் சாமான் கொண்டுவந்து கடை கடையாகப் போடும் ஒரு தம்பி வருவார். வாய் நல்ல வாய். அந்தமுறை கம்பி வெட்டுகிற குறடு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, பெட்டியை என் பக்கம் திருப்பினார். ஜெர்மனி என்று பெரிய எழுத்து, கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கோடு வேறு. "ராத்தா, இதை வெச்சாப் போதும், கல்முனை ஆக்களும் உங்கட கடைக்கு வருவாங்க."

எனக்கு அப்போது ஒரு புது வித்தை கைவந்திருந்தது. மகளுக்குப் பால் கொடுக்கிற நேரம் போனில் பார்த்துப் பழகியது. நன்றாகக் காய்ச்சிப் பக்குவப்படுத்திய இரும்பில் அரத்தைப் போட்டால் கண்ணாடியில் போட்டது போல வழுக்கிக்கொண்டு போகும். மிருதுவான இரும்பென்றால் பிடித்துக் கடிக்கும். மேசைக்குக் கீழே இருந்த அரத்தை எடுத்துக் குறட்டின் வாயில் ஒரு இழுப்பு இழுத்தேன். கற்கண்டைச் சுரண்டியது போல மினுமினுவென்று தூள் கொட்டியது. பிறகு பெட்டியைப் புரட்டினேன். ஜெர்மனி என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, எறும்பு அளவில், ஜெர்மன் முறைப்படி என்று ஒரு சொல். எங்கே செய்தது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

தம்பி கோபப்படவில்லை. குறட்டை எடுத்துப் பெட்டிக்குள் பக்குவமாக வைத்துக்கொண்டே சொன்னார்:

"ஜெர்மனியில செஞ்சதெண்டு நான் சொன்னனா ராத்தா? ஜெர்மனி எண்டு எழுதிக் கிடக்கெண்டுதானே காட்டினன்."

பூந்திரி மண்வெட்டி

அன்றிலிருந்து எனக்கு அரப் பைத்தியம் பிடித்துவிட்டது. கடையில் இருந்த கத்தி, உளி, கோடாலி ஒன்றையும் விடவில்லை. மகள் பிளாஸ்டிக் பேசினுக்குள் இருந்து கைதட்டுவாள், நான் அரம் போடுவேன். போட்டுப் பார்த்து ஒவ்வொன்றிலும் கடதாசித் துண்டு கட்டினேன். ஒரு பக்கம் நாட்டின் பேர், மறுபக்கம் 'அரம் வழுக்கும்' அல்லது 'அரம் கடிக்கும்'.

மண்வெட்டியில்தான் குழம்பிப்போனேன். என்னிடம் இரண்டு சைனா மண்வெட்டி, இரண்டும் வேறு வேறு லொறியில் வந்தவை. ஒன்றில் அரம் வழுக்குகிறது, மற்றதில் கடிக்கிறது. நாடு ஒன்று, குணம் இரண்டா? பொறுக்க முடியவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு ஓடினேன். பட்டறைக்காரர் சாணைக்கல்லில் அரம் கடித்ததை முதலில் பிடித்தார். மங்கல் சிவப்பில் நாலு கோடு, அவ்வளவுதான். அடுத்து அரம் வழுக்கினதைப் பிடித்தார். யா அல்லாஹ், பூந்திரி கொளுத்தினது போலப் பொறி பொறியாக வெடித்துச் சிதறியது. மகள் கத்தினாள். நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

பொறி இரும்பின் சாதியைச் சொல்லும், அரம் அதன் பக்குவத்தைச் சொல்லும். பூந்திரி மண்வெட்டியைக் கொண்டுவந்த முதலாளிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். இன்ன இரும்பு, இன்ன தடிப்பு, வாய் மட்டும் இவ்வளவு பக்குவம் என்று சொல்லிச் செய்வித்து இறக்குகிறாராம். மற்றவன், கிடைக்கிற மலிவில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரே நாட்டில் நல்ல பட்டறையும் இருக்கிறது, நாசமாய்ப்போன பட்டறையும் இருக்கிறது. நாம் எதைக் கேட்கிறோமோ அதைச் செய்து தருகிறார்கள். இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு நிற்க, பட்டறைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்:

"இதுக்கா இவ்வளவு ஓட்டம் புள்ள? என்ட வயித்துல பிறந்த ரெண்டைப் பார்த்திருந்தா அப்பவே விளங்கியிருக்கும்."

கறுப்பு ஸ்பெனர்

கடற்கரைத் தெருவில் எஞ்சின் போட் வைத்திருக்கும் சாச்சா ஒருவர். ஜப்பான் ஸ்பெனர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டு போனார். கறுப்பு நிறம், அரம் அப்படி வழுக்கும், எனக்கே அதில் ஆசை. கொஞ்ச நாளில் அதைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் போட்டார். முருங்கைப்பட்டை போலத் துரு.

இரும்பில் பிழை இல்லை. பளபளக்கிற குரோம் முலாம் பூசாமல் எண்ணெயில் கறுப்பாக்கின ஸ்பெனர் அது. கூரைக்குக் கீழே, எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துப் பாவிக்கிற கராஜ்காரனுக்குச் செய்தது. போட்டின் அடித்தட்டில் உப்புத் தண்ணீரோடு கிடந்தால் என்ன செய்யும்? எந்த நாட்டில் செய்தது என்பதோடு, எந்த இடத்துக்குச் செய்தது என்றும் கேட்க வேண்டும் சாச்சா என்று, தைவானில் செய்த, தடிப்பாக முலாம் பூசிய ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் நின்றார், யோசித்தார், திரும்பினார்:

"ஜப்பானைச் சுத்தியும் கடல்தானே புள்ள, அங்க உப்பு இல்லயா?"

கொடி ஒட்டின மண்வெட்டி

இப்படி நான் அரமும் கடதாசியுமாகக் கூத்தாடிக்கொண்டிருந்தேனே தவிர, மண்வெட்டி ஒன்றும் போகவில்லை. 'சைனா' என்ற கடதாசியைப் பார்த்துவிட்டு எல்லாரும் வைத்துவிட்டுப் போனார்கள். மச்சான் இரவுச் சோற்றுக்கு இருக்கும்போது சுவரை அளந்து பார்க்கத் தொடங்கிவிட்டார், கவர் தொங்கவிட எத்தனை ஆணி வேண்டும் என்று.

அப்போதுதான் வட்டவிதானை வந்தார். எங்கள் வட்டையின் வயல்களுக்குத் தண்ணீர் பிரிப்பது, விதைப்புக்கு முன்னம் ஆட்களைச் சேர்த்து வாய்க்கால் வெட்டுவிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வேலைக்கு வட்டை முழுவதற்குமான மண்வெட்டியை அவர் ஒரே கடையில்தான் எடுப்பார். வாப்பாவின் காலத்தில் அது எங்கள் கடை. "உங்கட வாப்பா தந்த இங்கிலீசு இரும்பு இருக்கா மகள்?" என்றார். அது இப்போது எங்களுக்கு வருவதில்லை மாமா என்றேன். கல்முனையில் ஒரு கடையில் இருக்கிறதாம், இங்கிலாந்துக் கொடி ஒட்டினது, அங்கே எடுக்கப் போகிறாராம்.

நான் மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றேன். "மாமா, அங்க ஒண்டு வாங்குங்க, இஞ்ச ஒண்டு கொண்டுபோங்க. வாய்க்காலில போட்டுப் பார்ப்பம். என்டது வளைஞ்சா நான் வாயத் திறக்க மாட்டன்" என்றேன். மச்சான் பின்கதவால் தலையை நீட்டி, கடதாசியைக் கழற்றிவிட்டுக் கொடு என்று கண்ணால் காட்டினார். நான் கழற்றவில்லை. பூந்திரி மண்வெட்டியைக் கடதாசியோடேயே கொடுத்தேன். விதானை மாமா இரண்டு பக்கமும் வாசித்தார்:

"மறைக்காமக் குடுக்கிற. அதுக்காக ஒருக்கா வெட்டிப் பார்ப்பன், இரும்புக்காக இல்ல."

வாய்க்காலடியில்

பார்க்காமல் வீட்டில் இருக்க எனக்கு முடியுமா? மச்சானின் மோட்டார் சைக்கிளில் மகளையும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். வாய்க்கால் வெயிலில் காய்ந்து ஓடுபோல இறுகிக் கிடந்தது, கரை முழுக்க நாணல் வேர். காரைதீவில் இருந்து வந்து அதே வட்டையில் வயல் செய்யும் சின்னத்தம்பி அண்ணன்தான் வெட்டினார். தோள் இரண்டும் தேக்கங்குற்றி. கொடி ஒட்டினதை முதலில் ஓங்கினார். இரண்டாம் வெட்டில் வாய் நெளிந்தது. வேரில் பட்டதும் வெற்றிலை மடித்தது போல மடிந்துவிட்டது. இங்கிலாந்துக் கொடிக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

அடுத்தது என்னுடையது. நான் ஓதாத துஆ இல்லை. வேர் சரக்கென்று அறுந்தது. அடுத்த வெட்டு கல்லில் பட்டு நெருப்புப் பறந்தது. வாயில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். நான் மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். விதானை மாமா மண்வெட்டியின் வாயைத் தடவிப் பார்த்தார். "இஞ்ச தாங்க" என்று சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வாங்கி ஒரு ஓங்கு ஓங்கினார். படார்.

பிடி இரண்டாக முறிந்து ஒரு துண்டு அவர் கையில், ஒரு துண்டு வாய்க்காலில். இரும்பு மண்ணுக்குள் சும்மா ஜம்மென்று நின்றது. மாமா கையில் இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்பு சைனா, கடதாசியில எழுதிக் கிடக்கு. பிடி எந்த நாடு மகள்?" என்றார். "நம்மட நாடுதான் மாமா. எங்கட அடுத்த தெரு." சின்னத்தம்பி அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்ப தங்கச்சி, இனிப் பிடியையும் சைனாவிலிருந்தே இறக்குங்க."

பேர் எழுத வேண்டாம்

விதானை மாமா ஒரு வார்த்தைதான் சொன்னார்: இரும்பு இதுதான், காய்ந்த மரத்தில் பிடி வந்தால் வட்டை முழுக்க உன் கடை, வராவிட்டால் நான் வேறு இடம் பார்ப்பேன். விதைப்பு நெருங்கிவிட்டது. முறிந்த துண்டைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நேரே ஓடாவிக் காக்காவின் பட்டறைக்குப் போனேன். இத்தனை நாளும் ஆட்கள் இரும்புக்கு எத்தனை நாடு கேட்டார்கள், கைபிடிக்கிற மரத்துக்கு ஒருவராவது ஒன்று கேட்டதுண்டா? நானும்தான் அரத்தோடு திரிந்தேன், பிடியைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காக்கா முறிவைப் பார்த்தார். நடுவில் இன்னும் ஈரம், பச்சை மரம். "அவசரம் எண்டு கேட்டீங்க, வெட்டின கையோட செதுக்கிட்டன்" என்று முணுமுணுத்தார். தன் மகளுக்குக் கட்டுகிற வீட்டுக்கென்று வருசக்கணக்காகக் காயப்போட்டிருந்த விண்ணாங்கு மரத்தைக் கீழே இறக்கினார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் இறக்கினார்.

பிடிகள் வந்தன. தட்டினால் மத்தளம் போலச் சத்தம். வட்டையின் மண்வெட்டி முழுவதும் எங்கள் வாசலில் இருந்து டிரக்டரில் ஏறிப் போனது. வாப்பா கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தார். மச்சான் சுவரை அளப்பதை விட்டுவிட்டு ஒரு மூலையை மட்டும் கேட்டார், கொடுத்தேன். இப்போது அங்கே போன் கவர் தொங்குகிறது, அதிலும் நாட்டின் பேர் எழுதிக் கட்டியிருக்கிறேன். அடுத்து வந்த பிடி ஒவ்வொன்றிலும் கட்ட, 'நிந்தவூர்' என்று நான் கடதாசி வெட்டிக்கொண்டிருக்கும்போது ஓடாவிக் காக்கா உள்ளே வந்தார். பார்த்தார். குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அரம் போடு, தட்டிப் பாரு, என்னவும் செய் புள்ள. ஊர்ப் பேரை மட்டும் எழுதாத, கண்டுபிடிச்சிருவாங்க."

எழுதித்தான் கட்டியிருக்கிறேன், ஏனென்றால் சைனாக்காரன் செய்தது வளைந்தால் நான் கொழும்புக்குப் போன் எடுத்துக் கத்த வேண்டும், நிந்தவூர்க்காரர் செய்தது முறிந்தால் வாசலில் நின்று கூப்பிட்டாலே போதும்.