பச்சைப் படத்தின் கீழே சுகந்தியின் பெயர்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு மலைச்சரிவை ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது முருகன் அழைத்தார். எங்களோடு வேலை பார்த்த சுகந்தியின் கணவர். "அண்ணே, சுகந்தி போயிட்டா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னா, அவ்வளவுதான்." கிடைத்த கப்பலில் போர்ட் பிளேர் திரும்பினேன். ஜங்லிகாட்டில் அவர் வீட்டு முன்னால் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை.

இரங்கல் கூட்டத்தில் எங்கள் சர்வே கம்பெனி மேலாளர், "சுகந்தி மேடம் ரொம்ப அமைதியானவங்க, யாரையும் எதிர்த்துப் பேசினதில்ல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சுகந்தியா அமைதி? உயிரோடு இருந்தவரை 'சண்டைக்காரி' என்று சொல்லித் திரிந்தது இதே வாய்தான்.

சண்டை ஒரு ஜெட்டியை, அதாவது கப்பல் வந்து நிற்கும் படகுத்துறையைப் பற்றியது. எந்தத் தீவு என்பது வேண்டாம். அது கடலுக்குள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி எங்கள் கம்பெனிக்கு வேலை கொடுத்திருந்தார்கள். லேசர் ஸ்கேனர் ஜெட்டியையும் கரையையும் லட்சக்கணக்கான புள்ளிகளாக எடுக்கும். கொஞ்ச காலம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்த வேண்டும். மென்பொருள் ஒவ்வொரு புதுப் புள்ளிக்கும் பழையதில் மிக அருகில் இருப்பதைத் தேடி ஜோடி சேர்க்கும். ஜோடிகள் நெருங்கும்வரை மொத்தத்தையும் நகர்த்தும். ஜெட்டியையே வைத்துப் பொருத்தினால், இறங்கிப்போன ஜெட்டியை அது சமர்த்தாகத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிடும். அசைவே இல்லை என்று படம் முழுக்கப் பச்சையாக வரும்.

மேலாளருக்கு அந்தப் பச்சை பிடித்துவிட்டது. "டீக் ஹை, அனுப்பிடலாம்."

சுகந்தி எழுந்தார். "கிட்ட இருக்குங்கிறதுக்காக அது அதே புள்ளி ஆயிடாது சார். கரையில பாறை இருக்கு, அது எங்கயும் போகாது. பாறைய வெச்சு மொதல்ல பொருத்துங்க. அப்புறம் ஜெட்டி எங்க நிக்குதுன்னு பாருங்க." அப்படியே செய்தும் காட்டினார். ஜெட்டியின் கடல்பக்க முனை சிவப்பாக வந்தது, இறங்கியிருக்கிறது என்று.

"ஸ்கேனர் ஆடியிருக்கும்" என்றார் மேலாளர்.

"அப்போ பாறை மட்டும் ஏன் சார் ஆடல?"

அறிக்கையை அப்புறம் பார்க்கலாம் என்று மேலாளர் எழுந்து போனார்.

சௌல்தாரி கிராமத்தில் ஒருமுறை ஸ்கேன் எடுக்கும்போது, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை ஓட்டச் சொல்லி ஒரு வங்காளிப் பெரியவரிடம் சுகந்தி கெஞ்சினார். "தாதா, பக்ரி ஹடாவோ." என் பக்கம் திரும்பி, "இல்லேன்னா இன்னிக்கு ஆடு நேத்து ஆட்டோட ஜோடி சேர்ந்துடும் அண்ணே" என்று சிரித்தார். வேலையில் அவ்வளவு கறார்.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள், அனுப்பத் தயாராக இருந்த ஜெட்டி அறிக்கையைப் பார்த்தேன். அதே பச்சைப் படம். கீழே 'ஆய்வு: சுகந்தி'. செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம்.

மேலாளரிடம் போனேன். "அவங்க பேர எடுங்க. இல்ல, அவங்க பாறையில பொருத்தினத அனுப்புங்க."

"அரே பையா, ஒரு மரியாதைக்குப் போட்டேன். அதுக்கு ஏன் இவ்ளோ கோபம்?"

மரியாதையாம்! அந்த ஜெட்டியில் தினமும் பிள்ளைகுட்டிகளோடு ஜனங்கள் இறங்குகிறார்கள். சிவப்புப் படத்தை, வேலை கொடுத்தவர்களுக்கு நானே அனுப்பிவிட்டேன். பொருத்தியவர் சுகந்தி, சரிபார்த்தவன் நான் என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை. நாளை நேரில் போய்க் கேட்பேன்.

சுகந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபம்தான். இனி இந்த ஆபீசில் சண்டைக்காரன் நான்.