ஜாம் உறைவதற்குள்

இன்று ஸ்ட்ராபெர்ரி ஜாம் கிளறினேன். மனைவி இறப்பதற்கு முன் வாங்கி வைத்த பெக்டின் பொடி ஒரே ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தது. அதைப் போட்டால் ஜாம் கெட்டியாகும். ஆனால் நாளை வரை பாட்டிலை அசைக்கக் கூடாது.

என்னால் முடியவில்லை. உறைந்துவிட்டதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

"இன்னா தம்பி, அதை ஆட்டிக்கினே இருக்க? இப்படிப் பண்ணா தண்ணியாவே நின்னுடும்."

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா."

"அவ வச்சிட்டுப் போனதுல இதானே கடைசி? குடு, எங்க வூட்ல இருக்கட்டும். நாளைக்கு வந்து வாங்கிக்க."

பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லா ஃபேனையும் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டிவிட்டேன்.

வேங்கிக்கால் பக்கம் யார் வீட்டிலாவது மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் கெட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள். இப்போதே வருகிறேன்.