மகள் கழுத்தில் கிடக்கும் ராணி

“அம்மா, இந்தச் சாமி பேரு என்ன?”

குளிக்க வைக்கும்போதெல்லாம் என் நான்கு வயது மகள், கழுத்துக் கயிற்றில் தொங்கும் வட்டத் தகட்டைத் தூக்கிக் காட்டிக் கேட்கிறாள். இரண்டு மாதமாகக் கேட்கிறாள். சோப்பு கண்ணில் பட்டுவிடும், கண்ணை மூடு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

அது சாமி இல்லை. வெள்ளைக்கார மகாராணி ஒருத்தி பட்டமேறியதன் ஆண்டு விழாவுக்காக, அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பித்தளைப் பதக்கம். ஒரு பக்கம் முக்காடும் மகுடமுமாக அவள் முகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் விழாவின் பெயர். அதற்குக் கீழே, பதக்கத்தை வாங்கிய ஏதோ ஒரு பிள்ளை ஊசியால் கீறிய இரண்டு தமிழ் எழுத்துகள். நான் சேலத்தில் கல்லூரியில் படித்தபோது, பழைய பித்தளையை எடைக்கு வாங்கும் கடையில், உடைந்த குத்துவிளக்குகளுக்கு அடியில் கிடந்தது. ராணிக்காக நான் அதை வாங்கவில்லை. அவளை வேறு இடத்திலும் வாங்கலாம். அந்தக் கீறலை வாங்க முடியாது.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. மில் கேன்டீன் டோக்கன், எஸ்டேட்டில் கூலிக்குப் பதிலாகக் கொடுத்த உலோக வில்லை, அணை திறந்த நினைவுப் பதக்கம் என்று சேர்த்தேன். கல்யாணமாகிச் சேந்தமங்கலம் பக்கம் வந்தபோது அறுபத்திரண்டு இருந்தன. ஒவ்வொன்றையும் சின்னக் காகித உறையில் போட்டு, எண் எழுதி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கியிருந்தேன்.

வந்த இரண்டாம் வாரமே மாமியார் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டார்.

“ஏம்மணி, இதென்ன டப்பா நெறைய ஓட்டக் காசு? ஆருது இதெல்லாம்?”

“பழைய காலத்துப் பதக்கமுங்க அத்தை. சேத்தி வெக்கறனுங்க.”

“செத்தவிய சாமானா? அதெல்லாம் ஊட்டுக்குள்ள ஆகாது கண்ணு. எடைக்குப் போட்டுப்போட்டு ஒரு டம்ளராச்சும் வாங்கு.”

மேலே இருந்த உறையில் ராணி இருந்தாள். டப்பாவைக் காப்பாற்ற வேறு எதுவும் தோன்றவில்லை. “இது அம்மன் டாலருங்க அத்தை, கோயில்ல வாங்குனது” என்றேன்.

மாமியார் அந்த முக்காட்டையும் மகுடத்தையும் உற்றுப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். டப்பா பிழைத்தது. அன்றைக்கு உண்மையைச் சொல்லிச் சண்டை போட்டிருந்தால் அது ஒரு வாரத்தில் முடிந்திருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன். முடிந்திருக்காது என்றும் நினைக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நாமக்கல்லில் டாக்டர் பார்த்துவிட்டு, வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் விட்டுவிடும் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாள் மத்தியானம் நூற்று மூன்று. என் கணவர் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார், போன் எடுக்கவில்லை. நான் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்க, மாமியார் டப்பாவைத் திறந்து அந்த ‘அம்மனை’ எடுத்தார். மஞ்சள் தண்ணீரில் முக்கி, கறுப்புக் கயிற்றில் கோத்து, பேத்தியின் கழுத்தில் கட்டினார்.

நான் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டும் இல்லை, கும்பிட்டேன். எம்.எஸ்சி. கணிதம் படித்தவள், யாரென்று தெரிந்தே அந்த ராணியைக் கும்பிட்டேன்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. மருந்தால்தான் விட்டது என்று எனக்குத் தெரியும். மாமியார் ஆடிப் பண்டிகைக்கான வேண்டுதலைச் சொன்னார்: “ஆடி நோம்பிக்கு இதைய அம்மன் உண்டியல்லயே போட்டுருவம் சாமி. பெத்தவ கையால அவுத்துப் போடோணும்.”

பெற்றவள் நான்.

விஷயம் பரவியது. பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தார். “உன்ற மருமவ படிச்சவளாட்ட இருக்குது. சாமிக்கே நம்பர் ஒட்டி டப்பால போட்டு வெச்சிருக்கறா பாரு!” என்று சிரித்தார். மாமியாரும் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

பதக்கம் சேர்ப்பவர்கள் செய்யவே கூடாதது ஒன்று உண்டு: தேய்த்து விளக்குவது. கறுப்பு ஏறியிருப்பதுதான் அதற்கு அழகு. தேய்த்தால் எழுத்து போகும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பூஜைப் பித்தளையோடு அதையும் கயிற்றைக் கழற்றாமலே, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, மாமியார் புளி போட்டுத் தேய்க்கிறார். ராணியின் மூக்கு மழுங்கிவிட்டது. பின்னால் இருக்கும் கீறலில் ஒரு எழுத்தைத்தான் இப்போது படிக்க முடிகிறது.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். மாமியார் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ராணியை அவிழ்த்துவிட்டு, அதே அளவில் இருந்த கேன்டீன் டோக்கனைக் கட்டினேன். டீக்கு அடையாளமாக அதில் ஆங்கில ‘T’ அடித்திருக்கும். மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள் என்பது எனக்கு மறந்துவிட்டது.

“அப்பத்தா! சாமியக் காணம்! டி இருக்குது! டி ஃபார் டைகர்!”

மாமியார் ஈரக் கையோடு வந்தார். டோக்கன் அதற்குள் என் உள்ளங்கையில் இருந்தது. “கயிறு நனஞ்சிருச்சுங்க அத்தை, மாத்திக் கட்டறனுங்க” என்றேன். இன்னொரு பொய். அவர் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்.

“கட்டு அம்மணி. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாம இருந்தாப் போதும் எனக்கு.”

கட்டினேன். பழையபடி ராணியைத்தான். அன்று சாயங்காலம் மகள் இரண்டு முறை தும்மினாள். எட்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “அறுபது வெச்சிருக்கற, ஒண்ணு போனாப் போவுது உடு. சொல்லியே ஆவோணும்னா நான் வந்தப்பறம் சொல்லு. நோம்பி நேரத்துல ஊட்ல சண்ட வேண்டாம்” என்றார். அவர் வருவது நோம்பிக்குப் பிறகு.

உண்டியலில் விழுவது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எண்ணும்போது செல்லாத தகடுகளைத் தனியாக ஒதுக்கி எடைக்குப் போட்டுவிடுவார்கள். நான் அதை வாங்கியது போன்ற ஒரு கடைக்கே அது திரும்பிப் போகும். அந்தப் பிள்ளை கீறியதைப் பார்க்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால்? இனி ஒவ்வொரு காய்ச்சலுக்கும், நான் வேண்டுதலைக் கெடுத்ததுதான் காரணமாக இருக்கும். மாமியார் சொல்லாவிட்டாலும் நானே சொல்லிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால், என் கையாலேயே அவிழ்த்து, என் கையாலேயே போட வேண்டும். மகள் பக்கத்தில் நின்று அந்தச் சாமியின் பேரைக் கேட்பாள்.

இதைப் படிக்கிறவர்களில் பதக்கமோ டோக்கனோ சேர்ப்பவர்கள் இருக்கலாம். மருமகள்கள் நிச்சயம் இருப்பீர்கள், மாமியார்களும் இருப்பீர்கள். நோம்பிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நடுவில் இரண்டு வெள்ளிக்கிழமை. என் மாமியாரிடம் என்ன சொல்லலாம், எந்த வார்த்தையில் தொடங்கலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொல்லாமல் இருப்பதுதான் சரி என்றால் அதையும் எழுதுங்கள். முதல் வெள்ளிக்கு முன்னால் எழுதினால் நல்லது. ஒரு எழுத்துதான் மிச்சம் இருக்கிறது.