பத்தாவது பூட்டு

நேமத்தான்பட்டி, நண்பகல். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டின் முற்றத்தில் நிற்கிறேன். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று கட்டிய வீடு. பத்து அறைகள், பத்துப் பூட்டுகள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ராக்கம்மா கோழியிறகால் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு வருகிறார். கடைசிப் பூட்டுக்கு மட்டும் இரண்டு முறை.

“இது யாரோட அறை?”

“கடைசி மகனோடது. பர்மாவுக்குப் போனவுக, திரும்பலை. சாவியும் அவுககூடப் போயிருச்சு. எங்க மாமியா பிறக்கறதுக்கு முந்தியே.”

“பங்காளிங்க யாரும் உடைக்கலையா?”

திடுக்கிட்டு நிமிர்கிறார். “அடுத்தவுக அறையை எப்படி உடைக்கிறது? பேரன் பேத்தி யாராச்சும் சாவியோட வந்தா, திறக்கணும்ல?”

அவர் நகர்ந்ததும் பூட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். துளி துரு இல்லை.